நான்கு பேர், ஒரு கேரம் போர்டு: பெரியவர்களுக்கான நட்புச் செயலியை வடிவமைப்பது எப்படி?

பொழுதுபோக்கு வழியாக நண்பர்களைச் சேர்த்துவைக்கும் செயலியைச் செய்யலாம் என்று உட்காருபவர்களில் பெரும்பாலோர் முதலில் வரைவது ஒரே திரையைத்தான். ஒரு முகம், ஒரு பெயர், கீழே நான்கைந்து விருப்பங்கள். பிடித்தால் ஒரு பக்கம் தள்ளு, பிடிக்காவிட்டால் மறு பக்கம் தள்ளு. வரன் தேடும் தளங்களிலும் காதல் செயலிகளிலும் பார்த்துப் பழகிய திரை அது. நட்புக்கு அது உதவாது என்பது என் உறுதியான கருத்து. முப்பது வயதைத் தாண்டியவருக்குப் புது ஆள்கள் கிடைப்பதில் பெரிய கஷ்டமில்லை. அலுவலகத்தில், அடுக்குமாடி லிஃப்டில், பிள்ளைகளின் பள்ளி வாசலில் நாள்தோறும் கிடைக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் பார்க்க ஒரு காரணம்தான் கிடைப்பதில்லை. பள்ளியும் கல்லூரியும் அந்தக் காரணத்தை நாம் கேட்காமலேயே கொடுத்தன. வேலைக்காக ஊர் மாறிய பிறகு அதைக் கொடுக்க யாருமில்லை.

அந்தக் காரணத்தை உண்டாக்கித் தருவதுதான் செயலியின் வேலை. ஒரே சிலரை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பக் கூட வைக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதிலிருந்து பிறப்பதுதான்.

இதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக வளாகத்தில், மணமான மாணவர்கள் வாழ்ந்த வெஸ்ட்கேட் குடியிருப்பை ஆராய்ந்து உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய இரு சகாக்களும் 1950இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். யார் யாருக்கு நண்பர் என்பதைத் தீர்மானித்ததில் அடுத்தடுத்த வீடு, மாடிப்படிக்குப் பக்கத்து வீடு போன்ற சாதாரணக் காரணங்களுக்கே பெரும் பங்கு இருந்தது. அடிக்கடி எதிர்ப்பட்டவர்கள் நண்பர்களானார்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் நேரத்தையே அளந்து பார்த்தார். அறிமுகமானவர் ஓரளவு நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழித்திருக்க வேண்டும் என்பது அவருடைய மதிப்பீடு. அமெரிக்காவில் எடுத்த கணக்கு என்றாலும், வடிவமைப்பாளருக்கு இது ஒரு நல்ல அளவுகோல். வாரம் 2 மணி நேரம் சந்தித்தால் 50 மணி நேரம் சேர 25 வாரங்கள், அதாவது அரை ஆண்டு. உங்கள் செயலி ஒருவரை அரை ஆண்டு தாங்கிப் பிடிக்க வேண்டும். முதல் சந்திப்பை ஏற்பாடு செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் செயலி, வேலையின் மிகச் சிறிய பகுதியைத்தான் செய்திருக்கிறது.

ஒரே ஒரு பொழுதுபோக்கு, ஒரே ஒரு பகுதி

தொடக்கத்தில் நாற்பது பொழுதுபோக்குகளைப் பட்டியலிட ஆசை வரும். தமிழ்நாடு முழுவதற்கும் செயலியைத் திறந்துவிடவும் ஆசை வரும். அப்படிச் செய்தால் திருச்சியில் ஓவியம் வரைபவர் ஒருவர், நாகர்கோவிலில் பறவை பார்ப்பவர் ஒருவர், அம்பத்தூரில் வீணை கற்பவர் ஒருவர் என்று சிதறிக் கிடப்பார்கள். வெறும் பக்கத்தை இரண்டு முறை பார்த்தவர் மூன்றாவது முறை திறக்க மாட்டார். நடந்துபோகும் தூரத்தில் அல்லது ஒரே பஸ்ஸில் வந்து சேரும் தூரத்தில் இருபது பேர் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் சோதனை எளியது: கைக்கு வேலை இருக்க வேண்டும், வாய் பேசுவதற்கு ஓய்வாக இருக்க வேண்டும். சினிமா பார்ப்பது தோற்றுவிடும். மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒரு வார்த்தை பேச முடியாது. ஓட்டத்தில் வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மூச்சு வாங்கும்போது பேச்சு வராது. புகைப்படம் எடுப்பவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். செஸ் ஆடும்போது பேசினால் எதிரில் இருப்பவர் கோபித்துக்கொள்வார். இந்தப் பொழுதுபோக்குகளிலும் நட்பு பிறக்கும். ஆனால், ஆட்டம் முடிந்த பிறகு டீ குடிக்க ஒதுக்கும் நேரத்தில்தான் பிறக்கும். அந்த நேரத்தையும் சேர்த்து நீங்கள் வடிவமைக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது கேரம். சென்னைக்கு அது அந்நியமல்ல. 1991, 1995 ஆண்டுகளில் உலகச் சாம்பியனாகி 1996இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயமும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் இந்த நகரத்தவர்கள். அவ்வளவு திறமை யாருக்கும் தேவையில்லை. கோடை விடுமுறையில் அத்தை வீட்டுத் திண்ணையில் ஆடிய நினைவு இருந்தால் போதும். ஓடத் தேவையில்லை, விலையுயர்ந்த கருவி தேவையில்லை, வயது தடையில்லை. எல்லாவற்றையும்விட, அது நான்கு பேர் நேருக்கு நேர் உட்காரும் ஆட்டம். பகுதி, வேளச்சேரி என்று வைத்துக்கொள்வோம். பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் ஏராளம். பறக்கும் ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன.

முதலில் செயலியே இல்லாமல் நடத்துங்கள்

ஒரு வரி நிரல்கூட எழுதாமல் எட்டுப் பத்துச் சனிக்கிழமைகள் இதை நடத்திப் பாருங்கள். ஒரு கூகுள் படிவம், ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இடத்துக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையைக் கேட்கலாம். வார இறுதியில் காலியாகக் கிடக்கும் டியூஷன் சென்டரையோ, மாடி காலியாக இருக்கும் டீக்கடையையோ கேட்கலாம். பூங்கா வேண்டாம். காற்றில் பவுடர் பறக்கும், வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மூன்று மாதம் திட்டமே நின்றுவிடும். வீடும் வேண்டாம், அதைப் பற்றிப் பாதுகாப்புப் பகுதியில் சொல்கிறேன்.

போட்டிகளில் ஆடும் அளவான 74 சென்டிமீட்டர் ஆடுதளம் உள்ள போர்டு ஒன்று, அதற்கு நேர் மேலே தொங்கும் விளக்கு ஒன்று, 9 வெள்ளை, 9 கறுப்பு, 1 சிவப்பு என 19 காய்கள், ஸ்டிரைக்கர், போரிக் பவுடர். விளக்கை அலட்சியம் செய்யாதீர்கள். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வந்தால் ஆடுபவரின் கை நிழலே காய்மேல் விழும், ஆட்டம் சலித்துவிடும்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்? யார் வருவதாகச் சொல்லி வரவில்லை, எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். முதன்முறை வந்தவர் வாசலில் எவ்வளவு நேரம் தயங்கி நின்றார், முதலில் என்ன கேட்டார் என்பதும், யார் ஒரு முறை மட்டும் வந்து நின்றுபோனார் என்பதும் வேண்டும். கட்டைவிரலால் அடிக்கலாமா, சிவப்பைப் போட்டு அடுத்த காயைப் போடாவிட்டால் என்ன செய்வது என்று விதிகளில் எங்கே வாக்குவாதம் வந்தது என்பதும் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விதி உண்டு என்பதால் முதல் வாரமே சண்டை மூளும். உங்கள் குழுவுக்கான விதிகளை ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பின்னால் அதுவே செயலியில் ஒரு திரையாகும். இந்த நோட்டுதான் உங்கள் உண்மையான தேவை ஆவணம்.

அலகு: ஒரு மேசை

பல செயலிகளில் அடிப்படை அலகு தனி நபர், சிலவற்றில் ‘நிகழ்வு’. நம் செயலிக்கு அலகு மேசையாக இருக்கட்டும். ஒரு மேசை என்றால் நான்கு இருக்கை, ஒரு இடம், ஒரு கிழமை, ஒரு நேரம். தரவுத்தளத்தில் முதலில் உருவாக்க வேண்டிய அட்டவணையும் அதுவே. ஒருவர் செயலியில் சேரும்போது ‘சனி மாலை 5 மணி, வேளச்சேரி, இரண்டாம் மேசை’யில் ஓர் இருக்கையை எடுத்துக்கொள்கிறார். அந்த இருக்கை எட்டு வாரத்துக்கு அவருடையது. ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பதிவுசெய்ய வேண்டியதில்லை. வர முடியாத வாரம் மட்டும் சொன்னால் போதும். சின்ன மாற்றம் போலத் தோன்றும். ஆனால் ‘இந்த வாரம் போகலாமா வேண்டாமா’ என்ற வாராந்தர யோசனையையே இது எடுத்துவிடுகிறது. சோர்ந்துபோன வெள்ளிக்கிழமை இரவில் அந்த யோசனைக்கு விடை எப்போதும் ‘வேண்டாம்’ என்றுதான் வரும்.

கிழமையும் நேரமும் மாறாதிருப்பதன் வலிமைக்குப் பார்க்ரன் என்ற வாராந்தர ஓட்ட நிகழ்வு நல்ல சாட்சி. 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 ஓட்டக்காரர்களோடு தொடங்கியது அது. சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. அந்த ஒழுங்கை மாற்றாமலேயே இன்று பல நாடுகளில் நடக்கிறது.

நான்கு பேருக்குள் இன்னொரு அழகு உண்டு. கேரமில் எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு அணி. கவிதா, ரஃபீக், செல்வம், மேரி என்று நால்வரை வைத்துக்கொண்டால், இரண்டிரண்டாகப் பிரிக்க மூன்றே வழிகள்தான்: கவிதாவுக்கு முதல் ஆட்டத்தில் ரஃபீக் துணை, இரண்டாவதில் செல்வம், மூன்றாவதில் மேரி. மூன்று ஆட்டம் முடியும்போது ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஒருமுறை கூட்டாளியாக இருந்திருப்பார்கள். செயலி இந்தச் சுழற்சியைத் தானே காட்டட்டும். ‘யாரோடு சேர்ந்து ஆடுகிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டால், ஏற்கெனவே தெரிந்த இருவர் சேர்ந்துகொள்வார்கள், கூச்சம் உள்ளவர் மிச்சத்துக்குப் போவார். பள்ளி விளையாட்டு மைதானத்தில் கடைசியாக அழைக்கப்பட்டவர்களுக்கு அந்த வலி எத்தனை ஆண்டானாலும் நினைவிருக்கும். அதை ஒரு பெரியவருக்கு மறுபடி கொடுக்க நமக்கு உரிமையில்லை.

நால்வரில் ஒருவர் வராவிட்டால்? இதுதான் மிகப் பெரிய தலைவலி, அதனால் தொடக்கத்திலேயே திட்டமிடுங்கள். ‘இந்த வாரம் வர முடியவில்லை’ என்ற பொத்தானைக் காரணம் கேட்காமல் வைக்க வேண்டும். காரணம் கேட்டால் பொய் எழுத நேரும். பொய் எழுதக் கூசுபவர் சொல்லாமலே நின்றுவிடுவார். அந்தப் பொத்தானை அழுத்தியதும் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குத் தகவல் போகட்டும். யாரும் கிடைக்காவிட்டால் கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று வீடுகளில் ஆடும் புள்ளி ஆட்டத்தை மூவரே ஆடலாம். திரையிலும் அது ‘இன்று மூவர் ஆட்டம்’ என்று இயல்பாகத் தோன்றட்டும். ஆள் குறைந்ததைச் சிவப்பு எழுத்தில் காட்டி வந்தவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

தீபாவளி, பொங்கல் வாரங்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். ‘தொடர்ந்து 7 வாரம்’ என்று எண்ணிக்கை காட்டிப் பெருமைப்படுத்தும் உத்தியைச் சேர்த்தால், ஊருக்குப் போனவரின் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும். திரும்பிவர மனம் வராது. அந்த வாரங்களை நாள்காட்டியிலேயே விடுமுறையாகக் குறித்துவிட்டு, ‘அடுத்த ஆட்டம் 25ஆம் தேதி’ என்று மட்டும் காட்டுங்கள்.

திரைகள்: நான்குக்கு மேல் வேண்டாம்

முதல் பதிப்புக்கு ‘என் மேசை’, ‘மேசை தேடு’, ‘என்னைப் பற்றி’, ‘உதவி’ என்ற நான்கு திரைகள் போதும். காகிதத்தில் வரைந்து, பிறகு திரைகளை வரைய உதவும் ஃபிக்மா மென்பொருளில் அமைத்து, ஐந்து பேரிடம் கொடுத்து அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விளக்கம் சொல்லாதீர்கள்.

‘என் மேசை’யில்தான் உழைப்பைக் கொட்ட வேண்டும். முதன்முறை வருபவருக்கு இருக்கும் பயம் ஆட்டத்தைப் பற்றியதல்ல. வாசலில் நின்று, ‘இதுதானா அந்த இடம், யாரிடம் கேட்பது, தப்பான கூட்டத்தில் நுழைந்துவிட்டால்?’ என்று தவிக்கும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியது. அந்த ஐந்து நிமிடத்தைச் செயலி முன்கூட்டியே தீர்த்துவைக்கலாம். வரைபடப் புள்ளி மட்டும் போதாது. கட்டடத்தின் முன்வாசல் புகைப்படம், அறைக்குள் போர்டு போட்டிருக்கும் புகைப்படம், ‘மருந்துக்கடைக்குப் பக்கத்துப் படியில் ஏறி முதல் மாடி, இடப்பக்கக் கதவு, செருப்பை வெளியில் விட வேண்டும்’ என்ற வழி ஆகியவை வேண்டும். இருசக்கர வாகனம் எங்கே நிறுத்துவது, எந்த பஸ் நிறுத்தம், கழிவறை இருக்கிறதா என்பதும் வேண்டும். கடைசிக் கேள்வியைப் பெண்கள் பலர் கேட்க நினைத்துக் கேட்காமல் விடுவார்கள்.

வியாழன் மாலை ஒரு அறிவிப்பு போகட்டும். நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

‘சனி மாலை 5 மணி ஆட்டம். ரஃபீக், செல்வம், மேரி வருகிறார்கள். உங்கள் இருக்கை தயார். முதல் முறை என்பதால் மேரி 4.50க்கே வாசலில் நிற்பார். நீல நிறக் குடை.’

ஏற்கெனவே வருபவர்களின் பெயர், காத்திருக்கும் ஒருவர், அவரை அடையாளம் காண ஒரு குறி. இந்த மூன்றும் இருந்தால் தயங்குபவரும் வீட்டை விட்டுக் கிளம்புவார். ‘புதிய நண்பர்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்!’ என்ற வகை அறிவிப்பு யாரையும் கிளப்பாது. வாரத்துக்கு இரண்டு அறிவிப்புக்கு மேல் வேண்டாம்.

வாசலில் நிற்கும் அந்த மேரியை மேசைப் பொறுப்பாளர் என்று அழைக்கலாம். சீக்கிரம் வந்து, போர்டைத் துடைத்து, பவுடர் தூவி, காய்களை எண்ணி அடுக்குபவர் அவர். அவர் சலித்துப்போனால் மேசை கலைந்துவிடும். எனவே எட்டு வாரத்துக்கு ஒருமுறை பொறுப்பு கைமாறட்டும். அதையும் செயலியே நினைவூட்டட்டும்.

அறிமுகப் பக்கத்தில் எதைக் கேட்கக் கூடாது

நம் ஊரில் இரண்டு புதியவர்கள் சந்தித்தால் வரும் கேள்விகள் தெரிந்தவைதான்: எங்கே வேலை, சொந்த ஊர் எது, கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை குழந்தைகள். வேலை இழந்தவருக்கும், மணமுறிவு ஆனவருக்கும், பிள்ளை இல்லாதவருக்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு முள். ‘சொந்த ஊரில் எந்தத் தெரு?’ என்பது பல சமயம் சாதியைத் துழாவும் கேள்வி என்பதும் நமக்குத் தெரியும். இவற்றில் ஒன்றைக்கூட அறிமுகப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழகிய பின் அவர்களாகச் சொல்லிக்கொள்வது அவர்கள் விருப்பம்.

எப்படி அழைக்க வேண்டும், எந்தப் பகுதியிலிருந்து வருகிறார், கேரம் எங்கே கற்றார், எவ்வளவு நாளாக ஆடவில்லை. இவ்வளவு போதும். மூன்றாவது கேள்வி நல்ல பேச்சுக்கு வழி திறக்கும். ‘ரயில்வே காலனி மன்றத்தில்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் எதிரில் இருப்பவருக்குக் கேட்க நூறு விஷயம் இருக்கும். பெயருக்கு ஒரே ஒரு கட்டம் வையுங்கள். குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கும் படிவங்களில் தமிழர்கள் தலைப்பெழுத்தையும் தந்தை பெயரையும் மாற்றி மாற்றி நிரப்பி அவதிப்படுவது இன்றும் தொடர்கிறது.

பாதுகாப்பு

இதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பெண்கள் வர மாட்டார்கள். வந்தவர்களும் நிற்க மாட்டார்கள். முதல் நாளிலிருந்தே இவை இருக்க வேண்டும்.

ஆட்டம் எப்போதும் பொது இடத்தில். எவர் வீட்டிலும் இல்லை, எவ்வளவு நல்லவர் அழைத்தாலும். விளையாடி முடித்துத் தனியே வீடு திரும்புபவருக்கு உகந்த நேரமா என்று பார்த்து நேரத்தை முடிவுசெய்யுங்கள். மாலை 5 முதல் 7 என்று நான் வைப்பது அதனால்தான். ஒரு மேசையில் ஒரு பெண் மட்டும் மூன்று அறியாத ஆண்களோடு அமரும்படி செயலி தானாக ஒதுக்கவே கூடாது. அவரே விரும்பித் தேர்ந்தால் வேறு. பெண்கள் மட்டும் ஆடும் மேசை ஒன்றும் இருக்கட்டும்.

செயலியில் தொலைபேசி எண்ணை யாருக்கும் காட்டாதீர்கள். தனிச்செய்தி அனுப்பும் வசதி, இருவரும் சேர்ந்து மூன்று முறை ஆடிய பிறகு, இருவரும் சம்மதித்தால் மட்டும் திறக்கட்டும். ‘உங்களிடமிருந்து 800 மீட்டரில்’ என்று தூரம் காட்டும் வசதியை அறவே தவிருங்கள். தூரத்தைத் துல்லியமாகக் காட்டிய செயலிகளில், மூன்று இடங்களிலிருந்து அளந்து ஒருவருடைய இருப்பிடத்தையே கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா வெளியிட்ட வரைபடம் ராணுவத் தளங்களின் அமைப்பையே காட்டிக்கொடுத்தது 2018இல் பெரும் செய்தியானது. யாருடைய பெயரையும் சொல்லாத வரைபடமே இவ்வளவு செய்யும். உங்கள் செயலிக்கு ‘வேளச்சேரி’ என்ற சொல் போதும்.

புகார் கொடுக்கும் பொத்தான் ஒவ்வொரு திரையிலும் இருக்க வேண்டும்; அதற்கு மனிதர் ஒருவர், அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஆள் இல்லை என்றால் மேசைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். உதவித் திரையில் அவசர உதவி எண் 112, பெண்கள் உதவி எண் 181 இரண்டும் ஒரே தொடுதலில் அழைக்கும்படி இருக்கட்டும். ஒருவர் இன்னொருவரைத் தடுத்தால் (பிளாக் செய்தால்), தடுக்கப்பட்டவர் இனி தடுத்தவரின் மேசைக்கோ அதே நேரத்துக்கோ ஒதுக்கப்படக் கூடாது. தடுத்தவர் யார் என்பதும் அவருக்குத் தெரியக் கூடாது.

ஆட்டம் முடிந்த பிறகு

மனிதர்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் முறையைச் சேர்க்காதீர்கள். சாப்பாட்டுக்குப் போடலாம், ஆட்டோ பயணத்துக்குப் போடலாம். எதிரில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சிரித்துப் பேசியவருக்குப் போடுவது அவமரியாதை.

உளவியலாளர் எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே உதவும். முதன்முறை பேசிப் பிரிந்தவர்கள், ‘அவருக்கு என்னைப் பிடித்திருக்காது’ என்று உண்மையைவிடக் குறைவாகவே எடைபோடுகிறார்கள் என்பது அதன் முடிவு. நன்றாகப் பேசிவிட்டு வந்தவரே வீட்டுக்குப் போய், ‘நான் அதிகம் பேசிவிட்டேனோ’ என்று குமைந்து அடுத்த வாரம் நின்றுவிடுவார். இந்த ஐயத்தைச் செயலி நீக்கலாம். ஆட்டம் முடிந்த மறுநாள் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே கேள்வி: ‘இதே நால்வரும் தொடரலாமா?’ நால்வரும் ‘சரி’ என்றால், ‘எல்லோருக்கும் தொடர விருப்பம்’ என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். ஒருவர் மறுத்தால் எதையும் சொல்லாமல், அடுத்த எட்டு வாரச் சுற்று தொடங்கும்போது மேசைகளை வழக்கமாகக் கலைத்து அமைப்பதுபோல் மாற்றுங்கள். மறுத்தது யார் என்று எந்நாளும் வெளிவரக் கூடாது. பாதுகாப்பு தொடர்பான புகார் என்றால் அது வேறு. சுற்று முடியும்வரை காத்திருக்காமல் அன்றே பிரித்துவிட வேண்டும்.

தமிழில் திரை அமைப்பது

ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுக் கடைசியில் மொழிபெயர்த்தால் பொத்தான்கள் உடையும். தொடக்கத்திலிருந்தே தமிழில் வரையுங்கள். ‘பங்கேற்பை உறுதிப்படுத்து’ என்பதைவிட ‘வருகிறேன்’ என்பது குறுகியது, மனிதர் பேசுவது போலவும் இருக்கிறது. மேலே கொக்கியும் கீழே சுழியும் உள்ள எழுத்துகள் நெருங்கிய வரிகளில் மோதிக்கொள்ளும். எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கு வரி உயரம் கொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு போதும். நாற்பதைத் தாண்டிய கண்களுக்காக எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிறவேறுபாடும், விரலுக்காக ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 48 டிபி (அதன் திரை அளவலகு) உயரப் பொத்தானும் வையுங்கள். எல்லா வாக்கியத்திலும் ‘நீங்கள்’, ‘வருகிறார்’. அண்ணா, அக்கா, சார் எல்லாம் மேசையில் அவர்களே முடிவுசெய்துகொள்வார்கள்.

கட்டுவதும் வெளியிடுவதும்

தனி ஆளாகச் செய்கிறீர்கள் என்றால் செயலியின் திரைகளைக் கட்ட ஃபிளட்டரும், தரவைச் சேமிக்க ஃபயர்பேஸும் சேர்ந்து முதல் பதிப்புக்குப் போதுமானவை. உலாவியில் திறக்கும் வலைச்செயலியாகத் தொடங்கினாலும் குறையில்லை. இந்தியாவில் நீங்களே ஒரு சேவை வழியாக ஓடிபி குறுஞ்செய்தி அனுப்புவதானால் டிஎல்டி பதிவும் (வணிகக் குறுஞ்செய்தி அனுப்புவோர் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்யும் பதிவு), செய்தி வார்ப்புருவுக்கு ஒப்புதலும் வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். 2023 நவம்பருக்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது கூகுளின் விதி. உங்களிடம்தான் மூன்று மேசை ஆள்கள் இருக்கிறார்களே, அவர்களே அந்தப் பன்னிருவர்.

2023இல் நிறைவேறிய எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் 2025 நவம்பரில் வந்த அதன் விதிகளையும் படித்துவிடுங்கள். எந்தத் தகவலை எதற்காக வாங்குகிறீர்கள் என்று எளிய மொழியில் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். கேட்பவருக்கு அந்த அறிவிப்பு தமிழிலும் கிடைக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. நமது செயலி பெரியவர்களுக்கானது என்பதால் வயது எல்லையைப் பதிவின்போதே வைத்துவிடுங்கள். கேட்காத தகவல் கசியாது. எனவே குறைவாகக் கேளுங்கள்.

பணமும் கணக்கும்

2002இல் நியூயார்க்கில் தொடங்கிய, ஒரே விருப்பமுள்ளவர்கள் குழுவாகச் சந்திக்க உதவும் மீட்அப் தளம், குழுவை நடத்துபவரிடம் சந்தா வாங்கும் வழியைப் பிடித்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சீக்கிரம் வந்து பவுடர் தூவுபவரிடமே காசு கேட்பது நியாயமாகப் படவில்லை. இருக்கைக்கு ஒரு சிறு தொகை, எட்டு வாரத்துக்குச் சேர்த்து, யுபிஐ வழியாக முன்கூட்டி வாங்கலாம். அறை வாடகையும் டீயும் அதில் அடங்கட்டும். பொறுப்பாளருக்கு இருக்கை இலவசம். முன்பணம் கட்டியவர் சொல்லாமல் நின்றுவிடுவதும் குறையும்.

எத்தனை பேர் பதிவிறக்கினார்கள், எவ்வளவு நேரம் திரையைப் பார்த்தார்கள் என்ற எண்களை ஒதுக்கிவிடுங்கள். திரையில் அதிக நேரம் கழித்தால் அது இந்தச் செயலிக்குத் தோல்வி. நான் பார்க்கும் எண்கள் இரண்டு: முதல் முறை வந்தவர்களில் எத்தனை பேர் நான்காவது முறையும் வந்தார்கள், ஒரே நால்வர் எட்டு வாரச் சுற்றை முடித்து அடுத்த சுற்றுக்கும் சேர்ந்தே பெயர் கொடுத்த மேசைகள் எத்தனை. அந்த நால்வர் ஒருநாள் தங்களுக்குள் தனி வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டு செயலியை விட்டுப் போய்விட்டால் கவலைப்படாதீர்கள். செயலி எதற்காகப் பிறந்ததோ அது நடந்துவிட்டது. போகும்போது, ‘உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு இருக்கை வேண்டுமா?’ என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்த பகுதிக்கு எப்போது போவது? வேளச்சேரியில் காத்திருப்போர் பட்டியல் தொடர்ந்து நிரம்பியிருந்து, அங்கே பொறுப்பாளராக இருந்த ஒருவர் வீடு மாறியோ வேறு காரணத்தாலோ தாம்பரத்தில் மேசை போட முன்வரும்போது. இரண்டாவது பொழுதுபோக்குக்கும் அதே கணக்குதான். ஓவியமோ மாடித்தோட்டமோ, அதைத் தாங்கி நடத்த ஆள் கிடைத்த பிறகே செயலியில் பெயரைச் சேருங்கள். அப்போதும் பழைய நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பி, செயலி இல்லாத எட்டுச் சனிக்கிழமைகளிலிருந்து தொடங்குங்கள்.